தக்கை கிடக்கையில் வாய் திறவாதே

ஞானம் தேடித்தான் மடத்துக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று வெளியூரில் சொல்லிக்கொள்வார்கள். நான் இருபத்தாறு வருஷமாக அங்கே சோறு வடிக்கிறவன். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் பசிக்கு வந்தார்கள், மீதிப் பேர் வீட்டில் இருக்க முடியாமல் வந்தார்கள். பலவேசம் இரண்டிலும் சேராத ஆள். பேச்சை விட்டுவிட வேண்டும் என்று வந்தவர்.

அவருக்கு அப்போது அறுபது வயது. எங்கள் ஊர்க் குளத்தில் தூண்டில் போட்டே காலத்தை ஓட்டியவர். கல்யாணம் கட்டவில்லை. தம்பி சொரிமுத்து குளத்தங்கரையில் செத்துப்போன பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், உடுத்த வேட்டியோடு நேராக மடத்துக்கு வந்துவிட்டார்.

மடத்தை நடத்திவந்த பெரியவர் காலமான பிறகு அங்கே உலகம்மாள்தான் எல்லாம். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. நாங்கள் அம்மா என்போம். மகள் வயதுக்காரியைக் குரு என்று கும்பிட பலவேசம் கூச்சப்படவில்லை. அவரை அண்ணாச்சி என்று கூப்பிட அம்மாவும் கூச்சப்படவில்லை.

வந்த அன்றைக்கே கேட்டார்.

"எனக்கு மௌன தீட்சை குடுங்க தாயி."

"எதுக்கு அண்ணாச்சி?"

"சாகுற மட்டும் பேசக்கூடாது. அவ்வளவுதான்."

"முதல்ல அந்த அண்டாவைத் தேய்ங்க. பாப்போம்."

அண்டா தேய்க்கிற வேலை அன்றோடு என்னை விட்டது. அதனால் தீட்சை தள்ளிப் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் அவர் கேட்பார். ஒவ்வொரு அமாவாசைக்கும் அம்மா "பாப்போம்" என்பார்.

மாதம் ஒரு தடவை சொரிமுத்துவின் மனைவி மூக்கம்மாள் மடத்து வாசலுக்கு வருவாள்.

"அத்தானைப் பாக்கணும்" என்பாள்.

அவள் தலை தெரிந்ததுமே பலவேசம் மாட்டுத் தொழுவத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். "வெளிய போயிருக்காரும்மா" என்று பொய் சொல்கிற வேலை என் தலையில் விழும். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். தொழுவத்தைப் பார்ப்பாள். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு நாளாவது மண்ணை வாரித் தூற்றி இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவும் மாட்டாள், அழவும் மாட்டாள்.

இப்படியே ஒரு வருஷம் ஆகப்போயிற்று. சொரிமுத்துவின் திதிக்கு எட்டு நாள் இருந்தது. அம்மா அடுக்களையில் என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பலவேசம் வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

"தாயி, இன்னைக்குக் குடுக்கலேன்னா நானா எடுத்துக்கிட்டு மலைப்பக்கம் போயிருவேன்."

"போங்க. எதுக்குன்னு சொல்லிட்டுப் போங்க. இன்னும் பேசுற வாய்தானே."

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

அவர் சொன்னது விளங்க வேண்டும் என்றால் எங்கள் குளத்து வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் தூண்டில் போடுகிறவன் நூலில் கட்டிய தக்கை தண்ணீரில் மிதந்து கிடக்கிற வரைக்கும் வாய் திறக்க மாட்டான். வாய் திறக்காமல் இருக்க, வறுத்த புளியங்கொட்டை ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வான். நாற்பது பேர் கரையில் இருந்தாலும் ஒரு சத்தம் இருக்காது. கஞ்சி கொண்டு வருகிற பெண்கள் தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போவார்கள். மீன் கொத்தி இழுக்கும்போது திரும்பிப் பார்ப்பதுகூடக் குற்றம். கேட்டால் குளத்து அம்மன் உத்தரவு என்பார்கள். வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்து நின்று பேசினால் அத்தனை பேரும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அவன் என்ன ஏது என்று தெரியாமல் முழிப்பான்.

"விடியக்காலம் தாயி. நானும் தம்பியும் நாலு முழம் தள்ளித் தள்ளி உக்காந்திருந்தோம். எனக்கு ஒரு விரால் மாட்டுச்சு. சின்ன மீன் இல்லை. தூண்டில் நரம்பை விட்டு விட்டுப் பிடிச்சேன், கால் மணி நேரம் ஆச்சு. பின்னால சேத்துல கால் இழுபடுற சத்தம் கேட்டுச்சு."

அம்மா கீரையை வைத்துவிட்டார்.

"திரும்பல தாயி. மீனைக் கரையில போட்டுட்டு, அவன்கிட்ட காட்டணும்னு தூக்கிக்கிட்டுத் திரும்புனேன். அவன் ஒருக்களிச்சுக் கிடந்தான். ஒரு கை நெஞ்சுல. ஒரு கை சேத்தைப் பிறாண்டியிருந்துச்சு. கண்ணு ரெண்டும் என்னைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. வாயைப் பிரிச்சேன். கொட்டையைப் பல்லுக்கு நடுவுல இறுக்கிக் கடிச்சிருந்தான்."

உலையில் அரிசி கொதித்து வழிந்தது. நான் எழுந்து போய் விறகை இழுக்கவில்லை.

"நாலு முழம் தாயி. அண்ணேன்னு ஒரு வார்த்தை போதும். தூக்கித் தோள்ல போட்டிருப்பேன். ஆஸ்பத்திரி ஒண்ணரை மைல்தான்."

"அவர் கூப்பிடலை."

"கூப்பிட மாட்டான். என் மீன் போயிருமே."

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"இந்தப் பழக்கத்தை முதன்முதல்ல கொண்டாந்தவன் எவன்னு மட்டும் தெரிஞ்சா, அவன் குழியில போய்க் காறித் துப்பிட்டு வந்துருவேன். அதுக்கப்புறம் எனக்குப் பேச ஒண்ணும் இல்லை."

"யாருன்னு விசாரிச்சீங்களா?"

"அம்மன் உத்தரவுன்னு சொல்லுதாங்க."

"அம்மன் யார்கிட்ட சொன்னாளாம்?"

பலவேசம் கீரைத்தண்டு ஒன்றை எடுத்து ஒடித்தார்.

"போய்க் கேட்டுட்டு வாங்க. ஒவ்வொருத்தரும் எப்படித் தூண்டில் பிடிக்க வந்தாங்க, கொட்டையை யார் குடுத்தாங்கன்னு கேளுங்க. மகராசண்ணே, நீங்களும் கூடப் போங்க."

"சோறு குழையுதே அம்மா."

"நான் பாத்துக்கிடுதேன்."

அம்மா பார்த்துக்கொண்ட சோறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போனேன்.

நாங்கள் கரைக்குப் போனபோது நல்ல வெயில். ஒவ்வொருத்தராகத் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டையைத் துப்பிவிட்டு ஆலமரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். பலவேசத்தைப் பார்த்து எழுந்து நின்றார்கள். ஒரு வருஷமாக அவர் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை.

முதலில் தாணுவைக் கேட்டார். தாணு தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நீங்க எப்படி இதுக்கு வந்தீங்க?"

"ரிட்டயர் ஆன மறுநாள் காலையில எந்திரிச்சேன். சைக்கிளை எடுத்துட்டேன், எங்க போறதுன்னு தெரியல. வீட்டுல உக்காந்தா எல்லாரும் என்னைச் சுத்திச் சுத்திப் போறாங்க, நடுக்கூடத்துல உரல் கிடந்த மாதிரி. இங்க வந்தேன். உங்க தம்பிதான் கம்பு வெட்டிக் குடுத்தாரு."

"கொட்டை?"

"அதுவும் அவர்தான். அதோட பேச்சு நின்னுச்சு. நாப்பது வருஷம் வீடு வீடாக் கத்திக்கிட்டுத் திரிஞ்சவன், எனக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு."

அடுத்தவன் சைக்கிள் கடை ஊய்க்காட்டான்.

"நான் குடியை விடணும்னு வந்தேன் அண்ணாச்சி. சாயங்காலம் ஆனா கை நடுங்கும். எதையாவது பிடிச்சுக்கிட்டு இருக்கணும். சொரிமுத்தண்ணன் கம்பைக் கையில குடுத்து, கொட்டையை வாயில போட்டுவிட்டாரு. வாயில ஒண்ணு கிடந்தா இன்னொண்ணு கேக்காதுலேன்னாரு."

"விட்டுட்டியா?"

"பாதி விட்டுட்டேன்."

சிரிக்கிற இடம்தான். யாரும் சிரிக்கவில்லை.

இன்னும் ஏழெட்டுப் பேரைக் கேட்டார். ஒருத்தன் கடன்காரனுக்கு ஒளிய வந்தவன், ஒருத்தன் மனைவி செத்த துக்கத்தில் வந்தவன், ஒருத்தன் சும்மா வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தவன். வந்த வழி வேறு வேறு. கொட்டை கொடுத்த கை மட்டும் ஒன்று. சொரிமுத்து கொடுத்தான், இல்லையென்றால் சொரிமுத்துவிடம் வாங்கினவன் கொடுத்தான்.

பலவேசத்துக்கு முகம் கறுத்துவிட்டது. தம்பியின் குழியில் போய்த் துப்ப முடியுமா? கடைசியில் கோமதிநாயகத்திடம் போனார். கரையில் அவருக்கு மூத்தவர் கிடையாது. எண்பத்து நாலு வயது, காது நன்றாகக் கேட்கும்.

"பெரியப்பா, சொரிமுத்து பிறக்கிறதுக்கு முன்னாலயே நீங்க இங்க தூண்டில் போட்டவங்க. அப்பவும் பேச மாட்டீங்களா?"

"யார் சொன்னா? நாங்க பாட்டுப் பாடிக்கிட்டுல்லா போடுவோம். பீடி குடிப்போம், ஊர் வம்பு பேசுவோம். மீனும் பாட்டுக்கு வந்து மாட்டும்."

"அம்மன் உத்தரவுங்காங்க."

"அம்மனுக்கு வேற வேலை இல்லையா."

"பிறகு நீங்க எதுக்குக் கொட்டை வச்சீங்க?"

கிழவர் யோசித்தார்.

"சொரிமுத்து அப்போ சின்னப் பய. அஞ்சு வயசு இருக்கும். கன்னம் புடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். 'என்னலே வாயில'ன்னேன். துப்பி உள்ளங்கையில வச்சுக் காட்டுனான். 'பேசுனா மீன் போயிரும்னு எங்க அண்ணன் சொல்லியிருக்கான்'னான். அன்னைக்கு என்னைவிட அவனுக்குக் கூட மீன். மறுநாள் நானும் ஒண்ணை வாயில போட்டேன். என்னைப் பாத்து இன்னொருத்தன். அம்மன் எல்லாம் பின்னால வந்து சேர்ந்தது."

பலவேசம் நின்றுகொண்டே இருந்தார்.

"நீதானலே அந்த அண்ணன்" என்றார் கிழவர். "உனக்கா ஞாபகம் இல்லை?"

திரும்பி வருகிற வழியில் அவர் வரப்பைப் பார்த்தே நடந்தார். மதகுப் பக்கம் இரண்டு தடவை நின்றார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு வருஷமாக இருந்த எரிச்சல் எல்லாம் அந்த வரப்பிலேயே போய்விட்டது.

அம்மா சோற்றைக் குழைய விட்டிருந்தார். வெந்ததை வெந்தபடி வைத்துவிட்டு எங்களுக்காக அடுக்களையிலேயே காத்திருந்தார்.

"தெரிஞ்சுதா அண்ணாச்சி?"

"தெரிஞ்சுது."

"யாரு?"

"நான்."

அம்மா அசையவில்லை. அவரே சொல்லட்டும் என்று இருந்தார்.

"மழை பொய்ச்ச வருஷம் தாயி. எங்க அப்பா செங்கல் சூளைக்குப் போறேன்னு போனவரு திரும்பி வரல. எங்க அம்மா காய்ச்சல்ல கிடந்தா. எனக்குப் பன்னெண்டு வயசு. எங்க வீட்டுல யாரும் மீன் பிடிச்சதே கிடையாது. குளத்துல மீன் இருக்குன்னு மட்டும் தெரியும். குண்டூசியை வளைச்சு, சாக்குத் தைக்கிற நூல்ல கட்டி, இவனையும் கூட்டிக்கிட்டுப் போனேன்."

"ம்."

"காலையில இருந்து ஒண்ணும் மாட்டல. இவன் சோறு சோறுன்னு அழுதான். விடாம அழுதான். அதைக் கேட்டுக்கிட்டு என்னால அங்க இருக்க முடியல தாயி. மீனைவிட அவன் சத்தம் நிக்கணும், அதுதான் எனக்கு. மடியில ஒரு வறுத்த கொட்டை கிடந்துச்சு. அவன் வாயில போட்டு, 'பேசுனா மீன் போயிரும்லே, வாயைத் திறக்காதே'ன்னேன். சும்மா சொன்னது. மீனுக்குக் காது இருக்கா இல்லையான்னு எனக்கு அப்போ என்ன தெரியும்."

"மீன் கிடைச்சுதா?"

"ஒரு கெண்டை. விரல் நீளம். சுட்டு அவனுக்கே குடுத்தேன்."

"அழுகையை நிப்பாட்டிட்டாரா?"

"நிப்பாட்டிட்டான். அதுக்கப்புறம் அவன் அழுது நான் பாக்கல. அம்மா செத்தப்பகூட அழல."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, துண்டுக்குள்ளேயே பேசினார்.

"நான் அதைச் சொன்ன அன்னைக்கே மறந்துட்டேன். எல்லாரும் கொட்டை வச்சாங்க, நானும் வச்சேன். அம்மன் உத்தரவுன்னாங்க, நானும் கும்பிட்டேன். அவன் ஒருத்தன்தான் மறக்கல. நாப்பத்தெட்டு வருஷம் என் வார்த்தையைக் காப்பாத்தி, அதுலயே செத்துப்போனான்."

அம்மா ஒரு குவளை தண்ணீரை அவர் பக்கத்தில் நகர்த்தினார். அவர் குடிக்கவில்லை.

"இப்பவாவது குடுங்க தாயி. ஒரு வார்த்தையில ஒருத்தனைக் கொன்ன வாய் இது. இதைக் கட்டிப்போடுங்க."

"மூக்கம்மா மாசாமாசம் என்ன கேட்டு வாரா?"

பலவேசம் துண்டை எடுத்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"'அவர் உங்களைக் கூப்பிட்டாரா அத்தான்'னு கேக்கா. முதல் மாசம் வழியில மறிச்சுக் கேட்டா. அதுல இருந்துதான் நான் தொழுவத்துக்குள்ள போறது."

"செத்த அன்னைக்கு நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"நெஞ்சுல அடிச்சுக்கிட்டுக் கரைக்கு ஓடி வந்தா. பாக்க முடியல. 'அழாதம்மா, தூங்குற மாதிரிப் போயிட்டான், ஒரு கஷ்டமும் படல'ன்னேன். அப்படியே நின்னுட்டா. அதுக்கப்புறம் அவ வாயில இருந்து சத்தமே இல்லை."

"நம்புனாளா?"

"அவனைக் குளிப்பாட்டுனவ அவதான் தாயி. நகத்துக்குள்ள சேறு இருந்ததை அவதான் கழுவியிருப்பா."

அம்மா எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார்.

"அவ வாசல்ல உக்காந்திருக்கா. நீங்க குளத்துக்குப் போனதும் ஆள் அனுப்பி நான்தான் வரச் சொன்னேன்."

பலவேசமும் எழுந்தார். அவர் கண் புறவாசல் பக்கம் போனது. தொழுவத்துக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். நான் புறவாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். வேண்டுமென்றுதான் நின்றேன். ஒரு வருஷம் அவருக்காகப் பொய் சொல்லியிருக்கிறேன், அந்த உரிமை எனக்கு உண்டு.

அவர் அம்மாவைப் பார்த்தார்.

"அவகிட்ட நான் என்ன சொல்ல?"

"என்கிட்ட சொன்னதை."

"முழுசுமா?"

"முழுசும்."

"அவன் கூப்பிடாம செத்தான், அதுக்கு நான்தான் காரணம்னு சொல்லணுமா? என்னை ஏசட்டும், செருப்பால அடிக்கட்டும், வாங்கிக்கிடுவேன். ஆனா அழுவாளே தாயி. ஒரு வருஷம் அடக்கி வச்சதை எல்லாம் சேர்த்து அழுவா. அதைக் கேட்டுக்கிட்டு என்னால இருக்க முடியாது."

அம்மா வாசல் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். வெளியே மூக்கம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அழட்டும் அண்ணாச்சி" என்றார் அம்மா. "பக்கத்துல உக்காந்து கேளுங்க."